பெட்டிக்குள் இருந்த சாட்சி: ஒராபி பாஷாவின் போர்க்காலக் கடிதங்களும் நம் வீட்டுக் கடதாசிகளும்

வாழைச்சேனைக்காரருக்குக் கடதாசியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 1950களில் இங்கு எழும்பிய கடதாசி ஆலையின் சங்குச் சத்தத்தில் எழும்பி, அதே சத்தத்தில் படுத்த ஊர் இது. வயல் வைக்கோலும் நாட்டின் நாலா பக்கத்திலிருந்து வந்த கழிவுக் கடதாசியும் அங்கே கூழாகிப் புதுக் கடதாசியாக வெளியே வரும். சின்ன வயதில் அந்த லொறிகளைப் பார்த்திருக்கிறேன். கட்டுக்கட்டாகப் பழைய கொப்பி, கந்தோர்க் கோவை, யாரோ யாருக்கோ எழுதிய கடிதம். "இதெல்லாம் ஒண்டுக்கும் உதவாத கடதாசி மகன்" என்று வாப்பா சொல்வார். நானும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பை மாற்றியது என் மூத்தம்மாவின் றங்குப்பெட்டி. அவ மௌத்தாகி நாற்பது கழிந்த பிறகு அதைத் திறந்தோம். 1990இல் இரவோடிரவாக ஊரை விட்டு ஓடும்போது அவ நகையை எடுக்கவில்லை, இந்தப் பெட்டிக்குள் கிடந்த கடதாசிகளைத்தான் சாரத்தில் முடிந்து எடுத்துப் போனாவாம். நிக்காஹ் பதிவு, பிறப்புச் சான்று, சவூதியிலிருந்து மாமா எழுதிய கடிதங்கள், மை மங்கிப்போன சில துண்டுகள். "எரிச்சிட்டா இடம் மிச்சமாகும்" என்று வீட்டில் ஒருவர் சொன்னார். அதற்கு முந்திய இரண்டு வருடமாக எங்கள் வயற்காணிக்கு ஆதாரம் கேட்டு ஒரு கந்தோருக்கும் இன்னொரு கந்தோருக்கும் நடந்து செருப்புத் தேய்ந்திருந்தோம். தேடிய ஆதாரம், மூத்தாப்பாவின் பெயரில் ஏக்கர் வரி கட்டிய பழைய சிட்டை, அந்தத் துண்டுகளுக்குள் இருந்தது. காணி இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. ஆனால் மூடிக் கிடந்த கோவை மறுபடி திறந்திருக்கிறது.

ஒரு கடதாசி காணியைக் காப்பாற்றும் என்றால், ஒரு மனிதனின் கழுத்தையும் காப்பாற்றுமா? காப்பாற்றியிருக்கிறது. அந்த மனிதர் நம் நாட்டு முஸ்லிம்கள் எல்லோருக்கும் பெயரளவிலாவது தெரிந்தவர்தான்: ஒராபி பாஷா. ஸாஹிராக் கல்லூரியோடும் துருக்கித் தொப்பியோடும் அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் எப்படித் தூக்குமேடைக்குப் போகாமல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தார் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்தக் கதையின் நடுவில் இருப்பது ஒரு கட்டுக் கடிதம்.

பாடசாலைப் புத்தகம் சொல்லாத ஒராபி

அஹ்மத் ஒராபி 1841இல் நைல் கழிமுகத்தின் கிழக்குப் பக்கமுள்ள ஷர்க்கிய்யா மாகாணத்தில் ஒரு கிராமத் தலைவரின் மகனாகப் பிறந்தார். சிறிது காலம் அல்அஸ்ஹரில் ஓதினார். பின்னர் படையில் சேர்க்கப்பட்டார். அந்தக் காலத்து எகிப்தியப் படையில் உயர்பதவிகள் துருக்கிய, சேர்க்காசிய வம்சத்தாருக்குரியவை. மண்ணின் மைந்தர்களான உழவர் பிள்ளைகள் கீழேயே நிற்க வேண்டும். அந்த நிலையிலும் ஒராபி இருபது வயதையொட்டி உயர் அதிகாரியாகிவிட்டார். ஆனால் அதற்கு மேல் பல வருடம் ஓர் அடியும் ஏற முடியவில்லை.

அன்றைய எகிப்து ஐரோப்பியக் கடனில் மூழ்கிக் கிடந்தது. வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை பிரித்தானிய, பிரெஞ்சுக் கட்டுப்பாட்டாளர்களே தீர்மானித்தார்கள். கடனைக் கட்ட உழவனிடம் சாட்டையால் வரி வாங்கப்பட்டது. 1881 செப்டெம்பர் 9ஆந் திகதி ஒராபி தன் படையோடு கெய்ரோவின் ஆப்தீன் அரண்மனைச் சதுக்கத்தில் நின்று, அமைச்சரவை மாற்றத்தையும் மக்கள் சபையையும் கெதீவ் தௌபீக்கிடம் கேட்டார். அடுத்த வருடம் பெப்ரவரியில் அவர் போர் அமைச்சரானார். உழவனின் மகன் அந்த நாற்காலியில் இருந்தது பலருக்குப் பொறுக்கவில்லை. லண்டனிலும் பரிஸிலும் கடன்பத்திரம் வைத்திருந்தவர்களுக்கும் பொறுக்கவில்லை.

1882 ஜூன் 11இல் அலெக்சாந்திரியாவில் கலவரம். ஜூலை 11இல் அட்மிரல் சீமோரின் கப்பல்கள் அந்நகரின் மீது குண்டுமாரி பொழிந்தன. போர் தொடங்கிவிட்டது. கெதீவ் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்தார். கஃபர் அத்தவ்வாரில் ஒராபி அரண் அமைத்தபோது, நாட்டுப்புறத்திலிருந்து ஆட்களும் தானியமும் விலங்குகளும் வந்து சேர்ந்தன. சம்பளப் படையோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்த கைகளும் அந்தப் போரை நடத்தின.

போரின் நடுவே எழுதிய மூன்று வகைக் கடிதங்கள்

ஒராபியின் போர்க்காலக் கடிதங்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் விளங்குவது இலகு: எதிரிக்கு எழுதியவை, இடையில் நின்றவரோடு எழுதியவை, மேலிடத்திலிருந்து வந்தவை.

முதலாவது, பிரித்தானியப் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு ஜூலை 2ஆந் திகதி அலெக்சாந்திரியாவிலிருந்து எழுதிய கடிதம். குண்டுவீச்சுக்குச் சரியாக ஒன்பது நாள் முந்தியது. அதன் சாரம் இதுதான்: எகிப்து கடனைக் கட்ட ஆயத்தமாக இருக்கிறது, இங்கிலாந்தோடு நட்பையே விரும்புகிறது. ஆனால் முதல் குண்டை நீங்கள் சுட்டால் எல்லா ஒப்பந்தமும் முறிந்தது என்றே பொருள். அதன் பிறகு ஐரோப்பியச் சொத்துக்கும் கால்வாய்க்கும் நாங்கள் பொறுப்பல்ல. நம் மார்க்கம் போரைத் தேடிப் போகச் சொல்லவில்லை, வந்த போரை எதிர்க்கச் சொல்கிறது. ஒரு கையில் சமாதானமும் மறு கையில் எச்சரிக்கையுமாக எழுதப்பட்ட கடிதம் அது. கிளாட்ஸ்டனின் சொந்த முதலீட்டிலேயே கணிசமான பங்கு எகிப்தியக் கடன்பத்திரங்களில் இருந்தது என்பதைப் பிற்கால வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் யார் மேசைக்குப் போனது என்பதை விளங்கிக்கொள்ள இது போதும்.

இரண்டாவது வகை, சுயஸ் கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் பெர்டினண்ட் டி லெசெப்ஸோடு நடந்த தந்திகள். கால்வாய் நடுநிலையானது, ஆங்கிலேயர் அதைப் போருக்குப் பாவிக்க மாட்டார்கள், நான் பொறுப்பு, நீங்கள் அதை அடைக்க வேண்டாம் என்பதே அவருடைய உறுதிமொழி. ஒராபி நம்பினார். கால்வாயை அடைக்கப் படைச்சபை தீர்மானித்தபோது காலம் கடந்துவிட்டது. ஓகஸ்ட் 20இல் ஜெனரல் வொல்ஸ்லியின் படை அதே கால்வாய்க்குள் நுழைந்தது. மேற்கே கஃபர் அத்தவ்வாரில் அடிக்கு அடி தாங்கி நின்ற அரணுக்கு முதுகுப்பக்கத்தால் எதிரி வந்துவிட்டான். எழுத்து வாக்கை மதித்த ஒருவன், மதிக்காத உலகத்திடம் தோற்ற இடம் அது.

மூன்றாவது வகைதான் நம் கதைக்கு முக்கியம். எகிப்து அப்போது பெயரளவில் உஸ்மானிய கிலாபத்தின் ஒரு மாகாணம். சுல்தான் அப்துல் ஹமீதின் ஆணைப்படி, அவருடைய பக்கத்து அதிகாரி அஹ்மத் ராத்திப் பாஷாவும், அவர் பெரிதும் மதித்த ஷெய்க் முஹம்மத் ழாபிரும் 1882 பெப்ரவரியில் ஒராபிக்கு எழுதினார்கள். ஷெய்க் ழாபிர் ஷாதுலிய்யா தரீக்காவின் மதனிய்யாக் கிளையைச் சேர்ந்தவர். ஷாதுலிய்யா ராத்திபு கேட்டு வளர்ந்த நம் வாசகர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமாக இராது. சுல்தான் உங்களை நம்புகிறார், எகிப்து அந்நியர் கைக்குப் போக விடாதீர்கள், கெதீவ் யார் என்பது அவருக்குப் பெரிதல்ல, நாடு காக்கப்படுவதே பெரிது என்பது அக்கடிதங்களின் கருத்து. ஜூன் மாதம் சுல்தான் ஒராபிக்கு மஜீதிய்யா விருதும் அனுப்பினார்.

அதே சுல்தான், ஐரோப்பிய நெருக்குதலுக்குள் சிக்கி, செப்டெம்பர் முதற்கிழமையில் ஒராபியைக் கிளர்ச்சிக்காரர் என அறிவித்தார். அந்த அறிவித்தலின் பிரதிகள் எகிப்தியப் படை முகாம்களுக்குள் பரப்பப்பட்டன. கலீபாவின் பெயரால் போராடுவதாக நினைத்திருந்த சிப்பாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! செப்டெம்பர் 13 விடியற்காலையில் தல்லுல் கபீரில் நடந்த சண்டை ஒரு மணித்தியாலங்கூட நீடிக்கவில்லை. அடுத்த நாள் கெய்ரோவில் ஒராபி சரணடைந்தார்.

மறைத்து வைக்கப்பட்ட கட்டு

கெதீவின் அரசாங்கம் விரைவாக வேலையை முடிக்க நினைத்தது. ஒரு சின்ன விசாரணை, ஒரு மரண தண்டனை, அவ்வளவுதான். அலெக்சாந்திரியாப் படுகொலை, நகரத்துக்குத் தீ வைத்தது, வெள்ளைக் கொடியைத் துஷ்பிரயோகம் செய்தது, கெதீவுக்கு எதிராக ஆயுதம் எடுத்தது எனக் குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன. ஒராபியின் வீட்டில் தேடுதல் நடந்து கடதாசிகள் அள்ளப்பட்டன.

ஆனால் இரண்டு விடயங்கள் அவர்கள் நினைத்தபடி நடக்கவில்லை. ஒன்று, வில்பிரிட் ஸ்கேவன் பிளண்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் தன் செலவில் லண்டனிலிருந்து சட்டத்தரணிகளை அனுப்பினார். ஏ. எம். புரோட்லியும் மார்க் நேப்பியரும் கெய்ரோ வந்து சேர்ந்தார்கள். லேடி கிரகரி என்ற ஐரிஷ் பெண்மணி ஒராபியின் வீட்டையும், அவருடைய தாயையும் மனைவியையும் தான் கண்டபடி எழுதி லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளியிட்டார். கொடூரன் என்று சித்திரிக்கப்பட்டவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை ஆங்கில வாசகர் அப்போதுதான் அறிந்தார்.

மற்றது, அள்ளப்பட்ட கடதாசிகளுக்குள் முக்கியமானவை இருக்கவில்லை. அவற்றை ஒராபி மறைத்து வைத்திருந்தார். சிறைக்குள்ளிருந்து அவர் சொன்ன குறிப்பின்படி, விசுவாசமான பணியாளர் ஒருவரின் உதவியோடு அந்தக் கட்டு சட்டத்தரணிகளின் கைக்கு வந்தது. காட்டிக்கொடுத்தால் பரிசு, மறைத்தால் தண்டனை என்றிருந்த நாட்களில் அது வந்தது என்பதை மறக்கக் கூடாது. நம் ஊர்களில் 1990இலும் அதற்குப் பின்னும் கடதாசி பத்திரப்படுத்தியவர்களுக்கு அந்தப் பயம் சொல்லாமலே விளங்கும்.

கட்டைத் திறந்தபோது ராத்திப் பாஷாவின் கடிதமும் ஷெய்க் ழாபிரின் கடிதமும் இருந்தன. இவை பகிரங்க நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டால் என்ன நடக்கும்? கெதீவுக்கு எதிரான கிளர்ச்சிக்காரர் என்று யாரைத் தூக்கில் போடப் போகிறார்களோ, அவருக்குக் கெதீவின் மேலதிகாரியான சுல்தானே ஆசி வழங்கியிருக்கிறார் என்பது உலகத்துக்குத் தெரியவரும். கெய்ரோ, இஸ்தான்புல், லண்டன் மூன்றுக்கும் அது சங்கடம். அதோடு, படுகொலைக் குற்றச்சாட்டுக்கு ஒராபிக்கு எதிராக நிற்கக்கூடிய சாட்சியமும் கிடைக்கவில்லை.

கெய்ரோவில் இருந்த பிரித்தானியத் தூதர் லோர்ட் டஃபரின் இடையில் புகுந்து ஒரு இணக்கத்தை உண்டாக்கினார். மற்றக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. 1882 டிசம்பர் 3இல் ஒராபி கிளர்ச்சி என்ற ஒரே குற்றத்தை ஏற்றார். மரண தண்டனை வாசிக்கப்பட்டது. அதே அமர்வில், அதை நாடுகடத்தலாக மாற்றும் கெதீவின் ஆணையும் வாசிக்கப்பட்டது.

கடிதங்கள் மட்டும்தான் அவரைக் காப்பாற்றின என்று சொல்வது மிகை. பிளண்டின் பணம், லண்டன் பத்திரிகைகளின் சத்தம், எகிப்தில் இன்னொரு தியாகியை உருவாக்க விரும்பாத பிரித்தானிய அரசியல் எல்லாம் சேர்ந்துதான் காப்பாற்றின. ஆனால் அந்தக் கட்டு இல்லாவிட்டால் சட்டத்தரணியின் கையில் பேரம் பேச ஒன்றுமிருந்திராது.

கண்டியில் ஒரு வீடு

டிசம்பர் 27இல் 'மரியோட்டிஸ்' என்ற கப்பல் ஏழு தலைவர்களையும் அவர்களுடைய குடும்பத்தாரையும் ஏற்றிக்கொண்டு சுயஸிலிருந்து புறப்பட்டது. ஒராபி, கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதி, மஹ்மூத் பஹ்மி, யஃகூப் ஸாமி, துல்பா இஸ்மத், அப்துல் ஆல் ஹில்மி, அலி பஹ்மி ஆகியோரே அந்த எழுவர். அதற்கு ஆறு நாள் முந்தி, டிசம்பர் 21ஆந் திகதி, அறிஞர் சித்திலெப்பையின் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை தன் பயணத்தைத் தொடங்கியிருந்தது. எழுத வந்த சமூகமும் எழுத்தால் தப்பிய மனிதரும் ஒரே காலத்தில் சந்தித்தார்கள் என்பது யாரும் திட்டமிட்டதல்ல.

1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கிய அவர்களை நம்மவர்கள் திரண்டு வரவேற்றார்கள். 1892இல் மருதானையில் அல்மத்ரஸத்துஸ் ஸாஹிரா தொடங்கியபோது ஒராபி அதன் போஷகராக நின்றார். சித்திலெப்பையின் கனவும் வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பும் அவருடைய பெயரின் மதிப்பும் ஒன்றுசேர்ந்த இடம் அது. அதே வருடம் அவர் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹல்லொளுவ வீதியில் அவர் இருந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்துக் கடிதங்களை வாசித்தால் நாம் பாடசாலையில் படித்த கம்பீரமான ஒராபி அல்ல, வேறொரு மனிதர் தெரிவார். வீட்டு வாடகை, போதாத படி, ஒத்துக்கொள்ளாத காலநிலை, மங்கும் பார்வை, நாடு திரும்ப அனுமதி கேட்டு ஆட்சியாளருக்கு விண்ணப்பம். தோழர்களுக்கிடையே மனக்கசப்பும் வந்தது. மூவர் இந்த மண்ணிலேயே மௌத்தாகி அடங்கினார்கள். போர்க்களத்தில் எழுதிய கடிதத்தை மட்டும் பாதுகாத்து, வாடகைக்கு எழுதிய கடிதத்தை வெட்கப்பட்டு எறிந்தால் நமக்குக் கிடைப்பது சிலை. இரண்டும் சேர்ந்தால்தான் மனிதர் கிடைப்பார்.

1901இல் மன்னிப்புக் கிடைத்து அவர் நாடு திரும்பியபோது எகிப்து அவரை மறந்திருந்தது, இல்லாவிட்டால் வெறுத்தது. புதுத் தலைமுறைத் தேசியவாதிகள், ஆங்கிலேயன் நாட்டுக்குள் வந்ததற்கு இவர்தான் காரணம் என்றார்கள். அரண்மனைக் கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரைக் கேலி செய்து கவிதை எழுதினார். ஒராபி பதிலுக்குத் தன் நினைவுகளைப் பெரிய நூலாக எழுதி வைத்துவிட்டு 1911 செப்டெம்பரில் மௌத்தானார். 1952 புரட்சிக்குப் பிறகுதான் அவருடைய நாடு அவரை மறுபடி தூக்கி நிறுத்தியது. அப்படி நிறுத்தியவர்களுக்கு ஆதாரமாகக் கிடைத்தவை சிறையில் எழுதிய வாக்குமூலம், பிளண்ட் 1907இல் வெளியிட்ட நூல், புரோட்லியின் வழக்கு நூல், ஒராபியின் சொந்த நினைவுகள். எல்லாம் கடதாசிதான்.

கடிதம் பொய் சொல்லாதா?

சொல்லும். கடிதம் என்பதற்காக அப்படியே நம்பிவிடக் கூடாது. ஹதீஸ் கலையில் மத்தனை மட்டுமல்ல, அறிவிப்பாளர் வரிசையையும் பார்க்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும். நான்கு கேள்வி கேட்டால் போதும்.

எழுதிய கை யாருடையது? கிளாட்ஸ்டன் கடிதத்தில் பிளண்டின் செயலாளராக எகிப்தில் இருந்த ஸாபூன்ஜியின் பங்கு உண்டு. ஆகவே அதன் கருத்தை ஒராபியுடையதாகவும், சொல்லாட்சியை இருவருடையதாகவும் எடுப்பதே நியாயம்.

யாருக்கு எழுதப்பட்டது? பிரதமருக்கு எழுதும்போது பலசாலியாகவும், மன்னிப்புக் கேட்கும்போது பலவீனராகவும் ஒரே மனிதர் எழுதுவார். இரண்டும் நடிப்பல்ல. இரண்டுமே முழு உண்மையுமல்ல.

எப்போது எழுதப்பட்டது? சம்பவத்தின் சூட்டில் எழுதிய தந்திக்கும், இருபத்தைந்து வருடம் கழித்து எழுதிய நினைவுக்கும் வித்தியாசம் உண்டு. பின்னது தன்னை நியாயப்படுத்தும்.

யார் பாதுகாத்தார்கள், ஏன்? ஒராபியின் கடிதங்களில் நமக்கு அதிகம் கிடைப்பவை அவருடைய ஆங்கில நண்பர்கள் வைத்திருந்தவை. அவர் தாய்க்கு, மனைவிக்கு, சாதாரணச் சிப்பாய்க்கு எழுதியிருந்தால் அவை எங்கே?

எரிக்கப்பட்ட கடதாசி

இந்த நான்காவது கேள்வியின் கனத்தை விளங்க மலபாருக்குப் போக வேண்டும். 1921 ஓகஸ்டில் அங்கு வெடித்த மாப்பிள்ளைக் கிளர்ச்சியின் படைத் தலைவர்களில் முதன்மையானவர் வாரியன்குன்னத்து குஞ்ஞஹம்மது ஹாஜி. ஏறநாடு, வள்ளுவநாடு பகுதிகளில் சில மாதங்கள் அவருடைய ஆட்சி நடந்தது. அவரைக் கடுமையாக எதிர்த்து 1923இல் நூல் எழுதிய சி. கோபாலன் நாயரே, ஹாஜி தன் எல்லையைத் தாண்டிப் போகிறவர்களுக்குக் கடவுச்சீட்டு எழுதிக் கொடுத்ததையும், கொள்ளையால் மக்கள் கஷ்டப்பட்டதனால் அந்த வருடம் வரி இல்லை என அறிவித்ததையும் பதிந்திருக்கிறார். ஆகவே அங்கே கடதாசி இருந்தது. நிருவாகமும் இருந்தது.

இன்று நம் கைக்கு எட்டுவது அவற்றில் மிகச் சிலவே. பந்தலூர் மலையிலிருந்து அவர் 'த ஹிந்து' பத்திரிகைக்கு அனுப்பிய கடிதம் 1921 ஒக்டோபர் 18இல் வெளியானது. இந்துக்களைத் தம் ஆட்கள் கட்டாயமாக மதம் மாற்றினார்கள் என்ற செய்தியை அவர் அதில் மறுக்கிறார். அது அரசாங்கத்தின் ஆட்கள் கிளர்ச்சியாளர்போல வேடமிட்டுச் செய்தது என்கிறார். இந்துக்களும் மாப்பிள்ளைகளும் தம் மலையில் அடைக்கலம் தேடியிருப்பதாகச் சொல்கிறார். உலகமும் காந்தியும் இதை அறியட்டும் என்று முடிக்கிறார்.

இந்தக் கடிதத்தையும் நான்கு கேள்விக்குள் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். அக்கிளர்ச்சியில் சில இடங்களில் கட்டாய மதமாற்றமும் கொலையும் நடந்ததை வரலாற்றாசிரியர்கள் பதிந்திருக்கிறார்கள். அதையெல்லாம் வேடதாரிகளின் தலையில் போட முடியாது. அதே நேரம், ஹாஜியின் ஆட்கள் முதலில் கொன்றவர்களுள் ஒருவர் சேக்குட்டி என்ற ஓய்வுபெற்ற முஸ்லிம் பொலிஸ் அதிகாரி. ஆகவே இதை மதச் சண்டை என்ற ஒரே சொல்லில் அடக்கவும் முடியாது. இரண்டையும் ஒருமிக்கப் பார்க்க நமக்கு ஆவணம் வேண்டும்.

அந்த ஆவணம் எங்கே? 1922 ஜனவரி 20இல் மலப்புறம் கோட்டக்குன்னில் ஹாஜி சுட்டுக் கொல்லப்பட்டார். கபுறு கட்டி மக்கள் கூடிவிடுவார்கள் என்ற பயத்தில் அவருடைய உடல் எரிக்கப்பட்டது. அவருடைய ஆட்சியின் கடதாசிகளும் அதோடு எரிக்கப்பட்டதாகவே மலபாரில் சொல்லப்படுகிறது. அதற்கு இரண்டு மாதம் முந்தி, திரூரிலிருந்து அடைக்கப்பட்ட சரக்கு வண்டியில் ஏற்றி அனுப்பிய கைதிகளில் 70 பேர் மூச்சுத் திணறி மாண்டார்கள். வண்டியின் கதவு திறக்கப்பட்ட இடம் கோயம்புத்தூருக்கு அருகேயுள்ள போத்தனூர். அரசாங்கத்தின் பக்கத்துக் கோவைகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. டொட்டன்ஹாமும் ஹிட்ச்கொக்கும் அவற்றை வைத்து நூல்கள் தந்தார்கள். மாப்பிள்ளையின் பக்கத்தில் இருப்பது ஒரு பத்திரிகைக் கடிதம், சில நினைவுக் குறிப்புகள், பாட்டுகள்.

விளைவு என்ன? நூறு வருடம் கழிந்தும் அவர் யார் என்பதில் இழுபறி தீரவில்லை. 2021இல் இந்திய வரலாற்று ஆய்வு மன்றத்தின் ஒரு குழு, விடுதலைப் போராட்டத் தியாகிகளின் அகராதியிலிருந்து ஹாஜி, அலி முஸ்லியார் உட்பட 387 மலபார்க்காரரின் பெயர்களை நீக்கப் பரிந்துரைத்தது. அதே வருடம், ஒரு பழைய பிரெஞ்சுச் சஞ்சிகையில் கண்டெடுத்த படத்தை ஹாஜியின் படம் என்று கூறி, ரமீஸ் முஹம்மது தன் நூலின் அட்டையில் வெளியிட்டார். தன் நாட்டு வீரனின் முகத்தைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரனின் அலுமாரியைத் தேட வேண்டியதாயிற்று.

ஒராபியின் கட்டு மறைத்து வைக்கப்பட்டது, அவருக்காக வாதாட முடிந்தது. ஹாஜியின் கட்டு எரிந்தது, அவருக்காக இன்றும் ஊகித்துத்தான் வாதாட வேண்டியிருக்கிறது.

நம் பெட்டிகள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். வாழைச்சேனை, ஓட்டமாவடி, மீராவோடை, பிறைந்துறைச்சேனை. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிகளிலும் ஏறாவூரிலும் நடந்தவை எல்லோருக்கும் தெரியும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் முஸ்லிம் காங்கிரஸ் தலைமைக்கும் புலிகளின் தலைமைக்கும் இடையில் ஒப்பமிட்ட கடதாசியும் ஆவணமாகிவிட்டது. அந்த மை காயுமுன் ஜூனில் எங்கள் ஊரில் கடைகள் எரிந்ததும் செய்தியாகிவிட்டது. ஆனால் இவை எல்லாம் பெரிய மனிதரின் கடதாசிகள், பெரிய சம்பவங்கள். அகதி முகாமிலிருந்து ஒரு உம்மா மகனுக்கு எழுதியது, பள்ளிவாசலில் நிவாரண அரிசி பங்கிட்ட பெயர்ப்பட்டியல், ஆற்றுக்கு அப்பாலிருந்த தமிழ்ச் சிநேகிதர் "உங்கட மாட்டைக் கட்டி வைச்சிருக்கன், பயமில்லாம வாங்க" என்று யாரிடமோ கொடுத்தனுப்பிய துண்டு, இவை எந்தக் கந்தோரிலும் இல்லை. நம் பெட்டிகளுக்குள்தான் இருக்கின்றன. அந்தக் காலத்தில் யார் யாரைக் கைவிட்டார்கள், யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்பதை நாளைக்குச் சொல்லப்போவது அந்தத் துண்டுகள்தான். நமக்குச் சாதகமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தால், மலபாரில் மற்றவன் செய்ததை நாமே நமக்குச் செய்தவர்களாவோம்.

செய்ய வேண்டியவை பெரிய காரியமல்ல. பழைய கடதாசியை லெமினேற் பண்ணாதீர்கள். அந்தச் சூடும் பசையும் அதை மெல்லமெல்லக் கொல்லும், பிறகு பிரித்தெடுக்கவும் முடியாது. செலோரேப் ஒட்டாதீர்கள். இரும்புக் கிளிப்பை எடுத்துவிடுங்கள், வாவிக் காற்றில் அது துருப்பிடித்து எழுத்தைத் தின்னும். கடித உறையை வீசாதீர்கள், முத்திரைக் குத்துதான் திகதிக்குச் சாட்சி. பின்பக்கத்தில் பென்சிலால் இன்னார் இன்னாருக்கு எழுதியது என்று மட்டும் குறியுங்கள். பேனை வேண்டாம். நல்ல வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் இரண்டு பக்கமும் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். காணி, நிக்காஹ் தொடர்பானவற்றின் மூலப் பிரதியை யாருக்கும் கைமாற்றாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள். 2005இலிருந்து இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் எழுத்தாவணங்களை எண்ணிம வடிவில் பாதுகாத்து வருகிறது. பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலைகளும் அவரவர் ஊர்க் கடதாசிகளை அப்படி ஒப்படைக்க முன்வரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியின் சொந்தக்காரர் ஹயாத்தோடு இருக்கும்போதே பக்கத்தில் இருந்து கேளுங்கள். இது யார்? ஏன் வைத்திருக்கிறீர்கள்? அவர் போன பிறகு கடதாசி இருக்கும், கதை இராது.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மத்ரஸாப் பிள்ளையைக் கேட்டால் சூரா பகராவின் 282ஆம் வசனம் என்று சொல்லும். அது தொழுகையைப் பற்றியதோ போரைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்க வேண்டாம் என்ற கட்டளை உள்ள சமூகம் நாம்.

மூத்தம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்பது அவவுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால்தான் எல்லாவற்றையும் வைத்திருந்தாவோ என்னவோ. அல்லாஹ் அவவுடைய கபுறை விசாலமாக்குவானாக. அந்தப் பெட்டியை நாங்கள் எரிக்கவில்லை.